தெருக்கள் எப்படி வளர்கின்றன? வளர்ந்தபின் ஏன் அசைய மறுக்கின்றன?

பிப்ரவரி 3 – வாசகர் கேள்வி

பழைய நகரங்களின் தெருக்கள் கோணல்மாணலாக இருப்பதற்கு அன்றைக்கு யாரும் திட்டம் போடாததுதான் காரணம். கட்டடங்களை இடித்துக் கட்டும்போதெல்லாம் தெருவையும் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கிக்கொண்டே வந்தால் நூறு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடுமே? ஏன் செய்வதில்லை?

பிப்ரவரி 3, இரவு

நூறு வருடம் வேண்டாம், நான்கே நாளில் அந்த வாய்ப்பு கிடைத்த ஊர் ஒன்று இருக்கிறது. லண்டன். 1666 செப்டம்பர் 2 அன்று பிடித்த தீ, 13,000 வீடுகளுக்கு மேல் எரித்துவிட்டுத்தான் அடங்கியது. சுவருக்குள் இருந்த பழைய நகரத்தில் பெரும்பகுதி சாம்பல். தீ அணைந்த சில நாட்களிலேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மன்னரிடம் ஒரு வரைபடத்தை நீட்டினார்: அகலமான நேர்சாலைகள், அவை கூடும் இடங்களில் சதுக்கங்கள். ஜான் ஈவ்லினும் ராபர்ட் ஹூக்கும் ஆளுக்கொரு வரைபடம் கொடுத்தார்கள்.

எதுவும் நடக்கவில்லை. வீடுதான் எரிந்தது, மனை எரியவில்லை. சாம்பலுக்கு அடியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார், பல துண்டுகளுக்கு அவருக்குக் கீழே குத்தகைக்காரரும் அவருக்குக் கீழே வாடகைக்காரரும் இருந்தார்கள். நேர்சாலை போட வேண்டுமென்றால் அத்தனை பேரின் எல்லையையும் கலைத்து, நஷ்டஈடு கொடுத்து, மறுபடி பங்கிட வேண்டும். அதற்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. குளிர்காலம் வந்துகொண்டிருந்தது, வியாபாரம் நின்று போயிருந்தது. கடைசியில் பல தெருக்களை அகலப்படுத்தினார்கள், சிலவற்றை நிமிர்த்தினார்கள். கில்டுஹாலிலிருந்து தேம்ஸ் நதிக்கு இறங்கும் கிங் ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் மட்டும் புதிதாக வெட்டப்பட்டன. மற்றபடி பழைய கோட்டிலேயே செங்கல்லால் புது ஊர் எழுந்தது.

என் பதில் இதுதான். தெருவின் கோட்டைப் பிடித்து வைத்திருப்பது கட்டடம் இல்லை, மனையின் எல்லை.

பிப்ரவரி 4

“லிஸ்பனில் முடிந்ததே” என்று கேட்டிருக்கிறார்கள். முடிந்தது. 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்துக்குப் பிறகு பைஷா பகுதியைக் கட்டம் கட்டமாக மறுபடி போட்டார்கள். மானுவல் த மையா என்ற முதிய பொறியாளர், இருந்தபடியே கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிப் புதிதாகப் போடுவது வரை பல வழிகளை எழுதிக் கொடுத்தார். அமைச்சர் பொம்பால் தரைமட்டமாக்கிப் புதிதாகப் போடும் வழியைத் தேர்ந்தெடுத்தார். பழைய மனைக்காரருக்குப் புதுக் கட்டத்துக்குள் பங்கு வரும்படி கணக்குப் போட்டார்கள். எதிர்க்க ஆளில்லாத அளவுக்கு பொம்பாலிடம் அதிகாரம் இருந்தது. ஆக, எல்லையை அழிக்க முடிந்த இடத்தில் தெரு நகர்ந்தது. நேற்று சொன்னதை இது மறுக்கவில்லை, வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது.

பிப்ரவரி 6

கேள்வியின் முதல் பாதிக்கு நான் இன்னும் போகவில்லை. திட்டம் இல்லாமல் வளர்ந்தால் குழப்பமாகத்தான் வளருமா?

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கே க்ரோவானே என்றொரு பகுதி. சின்னச் சின்ன ஊர்களாக இருந்து, பிறகு ஒன்றோடொன்று ஒட்டி நகரமானது. மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே கை வரைந்த திட்டம் எதுவும் அதன் பின்னால் இல்லை. 1833 முதல் 2007 வரையிலான வரைபடங்களை அடுக்கி, எந்தத் தெரு எப்போது வந்தது என்று பார்த்தார்கள். இரண்டே இரண்டு வேலைகள் மாறி மாறி நடந்திருந்தன. ஒன்று, வெறும் வெளியை நோக்கிப் புதுச்சாலை நீள்வது. இன்னொன்று, ஏற்கெனவே சாலைகளுக்கு நடுவே சிக்கிய நிலத்துக்குள் குறுக்குத்தெருக்கள் விழுந்து அது சின்னச் சின்னத் துண்டுகளாவது. ஆரம்பத்தில் முதல் வேலை அதிகம். நிலம் தீரத் தீர இரண்டாவது வேலை மேலோங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. இன்றைக்கும் போக்குவரத்தின் முதுகெலும்பாக இருக்கும் சாலைகளில் பெரும்பாலானவை 1833 வரைபடத்திலேயே இருக்கின்றன. ஊருக்கு ஊர் போக மாட்டுவண்டிகள் ஓடிய அதே பாதைதான் லாரி ஓடும் பாதையாக நிற்கிறது. புதுத்தெருக்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

ஆக, திட்டம் இல்லாமல் வளர்ந்தாலும் ஒழுங்கு வருகிறது. அந்த ஒழுங்கு மேலிருந்து பார்த்தால் நேர்க்கோடாகத் தெரியாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

முச்சந்தி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. தானாக வளர்ந்த எந்த ஊரின் வரைபடத்தையும் எடுத்துச் சந்திப்புகளைப் பாருங்கள், நாற்சந்தியைவிட முச்சந்திதான் அதிகம் இருக்கும். காரணம் எளிது. புதுத்தெரு ஏற்கெனவே இருக்கும் தெருவின் இடுப்பிலிருந்து கிளம்புகிறது: அங்கே ஒரு முச்சந்தி. போய் இன்னொரு பழைய தெருவில் முட்டி நிற்கிறது: அங்கே இன்னொன்று. அந்தப் பக்கத்து நிலம் வேறொருவருடையது. அவர் எப்போது மனை போடுவார், எந்த இடத்தில் தெரு விடுவார் என்று இவருக்குத் தெரியாது. அவர் பத்தடி தள்ளி விட்டால் இரண்டு முச்சந்திகள் பக்கத்துப் பக்கத்தில். நாற்சந்தி வர இரண்டு பேரும் ஒரே இடத்தில் தெரு விட்டாக வேண்டும். வரைபடத்தில் நாற்சந்தி வரிசையாகத் தெரிந்தால், அங்கே யாரோ ஒருவர் பெரிய நிலத்தை ஒரே மூச்சில் பிரித்திருக்கிறார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9

நான் நடந்து போகும் வழியில் ஒரு சுவர் இருக்கிறது. இரண்டு மனைப்பிரிவுகள் முதுகோடு முதுகாக ஒட்டும் இடம். இந்தப் பக்கத்துத் தார்ச்சாலை சுவரில் முட்டி நிற்கிறது. அந்தப் பக்கத்துத் தார்ச்சாலையும் அதே சுவரில், ஏறக்குறைய அதே நேரில், முட்டி நிற்கிறது. நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் மட்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் இரண்டு செங்கற்களைப் பெயர்த்துப் பாதம் வைக்கக் குழி செய்திருக்கிறார்கள். மேல்விளிம்பில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் உடைத்து மழுக்கப்பட்டிருக்கின்றன, அந்த இடத்துச் சிமெண்ட் கைபட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. பள்ளிக்கூடப் பையன்கள் முதலில் பையை வீசிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். முட்டி வலியுள்ளவர்களுக்கு அந்த வசதியும் இல்லை, பிரதான சாலை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

இரண்டு பக்கத்திலும் சாலை போட்டாயிற்று, தார் ஊற்றியாயிற்று, விளக்கும் இருக்கிறது. இணைப்பு மட்டும் இல்லை. மனை விற்பதற்கு முன்னால் இதை வரைபடத்தில் சேர்ப்பதற்கு ஒரு பேனா போதும். இப்போது அந்தச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ஒருவர்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வாசலில் வண்டி போக ஆரம்பித்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இந்த இழையில் நான் இத்தனை நீளம் எழுதுவதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம்.

பிப்ரவரி 10

“நேராகப் போட்டுவிட்டால் நேராகவே இருக்குமே” என்கிறார் கேள்வி கேட்டவர். இருக்காது. டமாஸ்கஸில் ரோமானியர் காலத்து ‘நேர் தெரு’ ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் தூண்வரிசை, நடுவே வண்டி போகும் அகலமான பாதை. அரசின் கண்காணிப்பு தளர்ந்த நூற்றாண்டுகளில் தூண்களுக்கு நடுவே கடை வைத்தார்கள். கடை சுவரானது, சுவர் வீடானது, வீடு தெருவுக்குள் இன்னும் கொஞ்சம் வந்தது. அந்த வட்டாரத்தில் சரக்கு ஒட்டகத்தில் போகத் தொடங்கியிருந்தது. ஒட்டகத்துக்குச் சக்கரவண்டி அளவு அகலம் தேவையில்லை, அதனால் தெரு குறுகுவதை எதிர்த்துக் குரல் கொடுக்கவும் ஆளில்லை. தெரு இன்றும் அங்கேயே இருக்கிறது, அகலம்தான் போய்விட்டது.

ரோமில் பியாத்சா நவோனா இதற்கு நேர்மாறு. ரோமப் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கம் மறைந்துவிட்டது. பார்வையாளர் படிக்கட்டுகளின் மேல் வீடுகளைக் கட்டினார்கள். நடுவே ஓடுகளம் இருந்த வெளி அதே நீள வடிவத்தில், ஒரு முனை வளைந்தபடி, இன்றைக்கும் சதுக்கமாக இருக்கிறது. லூக்கா ஊரிலும் அப்படித்தான், அங்கே நீள்வட்டம்.

பிப்ரவரி 13

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

அங்கே தெருக்களுக்கு 1811-இல் போட்ட திட்டம்: நெடுக்கே 12 அவென்யூ, குறுக்கே 155 தெரு. குறுக்குத்தெருக்கள் பெரும்பாலும் 60 அடி அகலம், குறிப்பிட்ட 15 மட்டும் 100 அடி. அப்போது ஊர் தீவின் தெற்கு முனையில்தான் இருந்தது. வடக்கே பண்ணையும் பாறையும் ஓடையும். மேடு பள்ளம் பார்க்காமல் கோடு போட்டார்கள், பிறகு மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். சென்ட்ரல் பார்க் அந்தத் திட்டத்தில் இல்லை, 1850களில்தான் அது வந்தது. பல தெருக்களை இடைமறித்துக்கொண்டு வந்தது.

என்னைக் கவர்ந்தது பிராட்வே. வெள்ளையர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் நடந்த தடம் அது. திட்டம் போட்டவர்கள் கட்டத்துக்குள் அதை வடக்கே தொடர விடுவதாக இல்லை. ஆனால் அதன் இரு புறமும் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள், போக்குவரத்து இருந்தது, அதனால் பிராட்வே பிழைத்துக்கொண்டது. கட்டத்தைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போவதால் அது ஒவ்வோர் அவென்யூவைக் கடக்கும் இடத்திலும் ஒரு முக்கோண வெளி கிடைத்தது. டைம்ஸ் ஸ்கொயர் அப்படிப் பிறந்ததுதான். 2009-இல் அந்த இடத்தில் பிராட்வேயை வாகனங்களுக்கு மூடினார்கள். நடைபாதையாகத் தொடங்கியது அந்தத் துண்டில் மறுபடி நடைபாதையாகியிருக்கிறது.

பிப்ரவரி 14

பாரிஸில் ஓஸ்மான் என்ற நிர்வாக அதிகாரி 1853 முதல் 1870 வரை ஊரை வெட்டி நேர்சாலைகள் போட்டாரே, அது என் வாதத்தை உடைக்காதா என்று கேள்வி. எல்லைகளை அழிக்க அரசுக்குச் சட்டமும் கடன் பணமும் இருந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். அந்த விலையை மறந்துவிட்டு நேர்சாலையை மட்டும் ரசிக்க என்னால் முடியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 1789-இலிருந்து 2010 வரையிலான பாரிஸ் வரைபடங்களை ஒப்பிட்டவர்கள் கண்டது இது: சந்திப்புகளின் எண்ணிக்கை, தெருக்களின் மொத்த நீளம் போன்ற கணக்குகளை வைத்துப் பார்த்தால் ஓஸ்மான் காலம் தனியாகத் தெரிவதே இல்லை, மக்கள்தொகையோடு சேர்ந்து வழக்கம்போலத்தான் வளர்ந்திருக்கிறது. மாறியது எது என்றால், ஊரைக் கடந்து போகும் வழிகள் எங்கே வந்து குவிகின்றன என்பது. நடுவில் நெரிந்துகொண்டிருந்ததை அவர் வேறு இடங்களுக்குப் பிரித்துவிட்டார். எத்தனை தெரு என்பதைவிட எது எதோடு சேர்கிறது என்பது முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

பிப்ரவரி 17

9ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், முட்டுச்சந்தில் குடியிருப்பவராம், “எங்கள் குழந்தைகள் தெருவில் விளையாடுகிறார்கள், அதைக் கெடுக்காதீர்கள்” என்று எழுதியிருக்கிறார். இதை நிறைய யோசித்தேன்.

அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. 1929-இல் நியூஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைப் போட்டபோது முட்டுச்சந்துகளை வைத்ததே கார்களிடமிருந்து குழந்தைகளைக் காக்கத்தான். ஆனால் அங்கே வீடுகளின் இன்னொரு பக்கம் பூங்காவைப் பார்த்திருந்தது, நடைபாதைகள் தொடர்ந்து ஓடின, சாலைக்கு அடியில் நடப்பவர்களுக்குச் சுரங்கவழி இருந்தது. காருக்குத்தான் முட்டு, காலுக்கு இல்லை. அடுத்த தலைமுறை முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையைக் கைவிட்டது. அமெரிக்கத் தெருக்களின் நூறாண்டுக் கணக்கைப் போட்ட ஓர் ஆய்வு, புதிதாகப் போடப்படும் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் போவது 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறையத் தொடங்கியது என்கிறது. அதற்குள் போடப்பட்டவை போடப்பட்டவைதான்.

ஆகவே அந்தச் சுவரில் எனக்கு வேண்டியது கார் போகும் திறப்பு இல்லை. ஓர் ஆளும் ஒரு சைக்கிளும் போகும் அளவு போதும்.

பிப்ரவரி 18

வட்டச்சாலைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்குச் சுருக்கமாக: பல ஊர்களில் கோட்டைச்சுவரிலிருந்து. சுவரும் அகழியும் வெளித்திடலும் அரசின் நிலம், இடையில் தனியார் மனை குறைவு, அதனால் கோடு போடுவது எளிது. வியன்னாவில் 1857-இல் பேரரசர் சுவரை இடிக்க ஆணையிட்டார், ரிங்ஸ்ட்ராஸே அந்த இடத்தில் வந்தது. பாரிஸின் பெரிஃபெரிக், 1840களின் கோட்டைச்சுவரை ஒட்டிக் கிடந்த வெளியில் 1973-இல் முழுமையானது. சுவர் இல்லாத ஊர்களில் பைபாஸ்தான். இன்றைக்கு ஊருக்கு வெளியே போகிறது, அதன் ஓரத்தில் கட்டடம் வரும், பிறகு அது ஊருக்கு உள்ளே வந்துவிடும், அதற்கு வெளியே இன்னொன்று கேட்பார்கள்.

பிப்ரவரி 22

“இணைப்பு இணைப்பு என்கிறீர்களே, இணைத்துக்கொண்டே போனால் நெரிசல் தீர்ந்துவிடுமா?” நல்ல அடி. தீராது, சில நேரம் கூடும்.

டீட்ரிஹ் ப்ராயஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1968-இல் காட்டிய முரண் இது. பாடங்களில் வழக்கமாகச் சொல்லும் எண்களோடு தருகிறேன். 4,000 வண்டிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டும். இரண்டு வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒரு குறுகலான துண்டு, அதில் நூறு வண்டிக்கு ஒரு நிமிடம் வீதம் நேரம் கூடும். இன்னொரு துண்டு அகலமானது, எத்தனை வண்டி வந்தாலும் 45 நிமிடம். முதல் வழியில் குறுகல் முன்னால், இரண்டாவதில் பின்னால். ஆட்கள் பாதிப்பாதியாகப் பிரிவார்கள். 20 நிமிடமும் 45-உம் சேர்ந்து 65 நிமிடம்.

இப்போது நடுவே, நேரமே ஆகாத ஒரு குறுக்குச்சாலை போடுங்கள். முதல் குறுகலில் நுழைந்து, குறுக்கே தாண்டி, இரண்டாவது குறுகலில் வெளியேறலாம். எல்லாரும் வந்தாலும் ஒரு குறுகலுக்கு 40 நிமிடம்தான், 45-ஐவிடக் குறைவு. ஆகவே ஒவ்வொருவரும் அதையே எடுப்பார்கள். மொத்தம் 80 நிமிடம். சாலை சேர்த்ததால் எல்லாருக்கும் 15 நிமிடம் நஷ்டம், தனியாக விலகி வேறு வழி போகிறவருக்கு 85.

நிஜத்தில் சாலையை எடுத்துவிட்ட ஊர்களும் உண்டு. சியோலில் சோங்யே ஓடையை மூடி, அதன் மேல் சாலையும், அதற்கு மேல் மேம்பாலச் சாலையும் கட்டியிருந்தார்கள். 2003-இல் இடிக்கத் தொடங்கி 2005-இல் ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு ஓடையைத் திறந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் எம்பார்கடேரோ மேம்பாலம் 1989 நிலநடுக்கத்தில் சேதமானது, 1991-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு ஊர்களும் ஸ்தம்பித்துப் போகவில்லை.

ஆனால் பாருங்கள், போனது மேலே தூக்கிக் கட்டிய சாலையும், சியோலில் ஓடையை மூடிப் போட்ட சாலையும்தான். கீழே தரையில் இருக்கும் தெருவின் கோடு அங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 23

தெரு பக்கவாட்டில் அசையாது, மேலே ஏறும். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டால், முன்பு இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும். மழைத்தண்ணீரும் அதே படியில் இறங்கும். சியாட்டிலில் 1889 தீக்குப் பிறகு தெருவை வேண்டுமென்றே உயர்த்தினார்கள். சில இடங்களில் நடைபாதை பழைய மட்டத்திலேயே இருந்ததால் தெருவைக் கடக்க ஏணி வைத்து ஏறினார்கள். பழைய தரைத்தளங்கள் இன்றும் அங்கே பூமிக்கு அடியில் இருக்கின்றன. சிகாகோ 1850களில் கழிவுநீர்க் குழாய் போடுவதற்காகத் தெருமட்டத்தை உயர்த்தியது, திருகு ஜாக்கி வைத்துக் கட்டடங்களையும் சேர்த்துத் தூக்கினார்கள்.

குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது. மனை எல்லைக்கு அடுத்து தெருவைப் பிடித்து வைத்திருப்பது அடியில் கிடக்கும் குழாயும் கேபிளும்தான். தெருவை நகர்த்தினால் அவை வேறொருவர் வீட்டுக்கு அடியில் போய்விடும்.

மார்ச் 1

பார்சிலோனாவை விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஊரை விரிவாக்க செர்தா என்ற பொறியாளர் போட்ட திட்டத்துக்கு 1859-இல் ஒப்புதல் கிடைத்தது. சுமார் 113 மீட்டர் சதுரக் கட்டங்கள், 20 மீட்டர் தெருக்கள், ஒவ்வொரு மூலையும் வெட்டி மழுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பக்கம்தான் வீடு, மீதி தோட்டம் என்பது அவர் எண்ணம். நில உரிமையாளர்கள் நான்கு பக்கமும் கட்டினார்கள், உயர்த்தினார்கள், உள்முற்றத்தையும் நிரப்பினார்கள். தோட்டத்துக்குப் போட்ட கணக்கு போயிற்று. தெருவுக்குப் போட்ட கணக்கு மீட்டர் மாறாமல் இருக்கிறது.

2016-இலிருந்து அங்கே சில இடங்களில் ஒன்பது கட்டங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக்கி, கடந்து போகும் வண்டிகளை வெளி விளிம்புக்கு அனுப்புகிறார்கள். உள்தெருக்களில் மெதுவாகத்தான் போக முடியும், நடுச்சந்தியில் பெஞ்சும் மரமும். எந்தக் கோட்டையும் தொடாமலே யாருக்கு எந்தத் தெரு என்பதை மட்டும் மாற்றுகிறார்கள். முட்டுச்சந்துக்காரர் கேட்ட அமைதியும் நான் கேட்ட இணைப்பும் ஒன்றாகக் கிடைப்பது இந்த வழியில்தான். கோடுகள் முதலிலேயே சேர்ந்திருந்ததால்தான் இதைச் செய்ய முடிகிறது.

மார்ச் 4

மனை வாங்கப் போகிறவர் ஒருவர், வரைபடத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டார். தெருக்கள் முடியும் முனைகளைப் பாருங்கள். தெரு, நிலத்தின் விளிம்பு வரை முழு அகலத்தில் போய் நிற்கிறதா, அல்லது கடைசி ஓரடிக்கு முன்னால் நின்றுவிடுகிறதா? அந்த ஓரடிப் பட்டையை விற்பவர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் பின்னாளில் தெருவை இணைக்க வரும்போது அதற்கு விலை கேட்கலாம். மனை எல்லாம் விற்ற பிறகு அதை யாரும் கவனிப்பதில்லை. பத்திரம் போடுவதற்கு முன் அந்தப் பட்டை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, பொதுச்சாலையாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.